தப்பும் சுருதிப் பெட்டியும்: சபரகமுவத் தோட்டப் பாடசாலைகளில் இசை ஆசிரியர்

காலை ஏழரை மணி. எட்டியாந்தோட்டைப் பக்கத்து மலைச்சரிவு ஒன்றில், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு தமிழ்ப் பாடசாலை. பால் வெட்டப் போன தாய், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு இன்னும் திரும்பியிருக்க மாட்டார். பிள்ளை தானே தலைசீவி, தானே சப்பாத்துக் கட்டி, ஈரப் பாதையில் நடந்து வந்து வரிசையில் நிற்கிறது. மணி அடிக்கிறது. தேவாரம் முடிந்ததும் தேசிய கீதம். பிள்ளைகள் அதைத் தமிழில் பாடுகிறார்கள்.

அந்தப் பாட்டை இயற்றி மெட்டமைத்தவர் ஆனந்த சமரக்கோன். சாந்திநிகேதனில் பயின்று திரும்பியவர். 1940இல் ‘நமோ நமோ மாதா’வை எழுதியபோது காலி மஹிந்தக் கல்லூரியில் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1951இல் அது நாட்டின் கீதமானது. அதற்குத் தமிழ் தந்த பண்டிதர் மு. நல்லதம்பியும் கொழும்பு சாஹிராக் கல்லூரியில் பாடம் நடத்தியவர்தான். 2016 பெப்ரவரி 4ஆம் திகதி, நீண்ட இடைவெளிக்குப் பின், சுதந்திர தின அரச விழாவில் அது மறுபடி தமிழில் ஒலித்தபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. இலங்கையில் மிக அதிகம் பேர் மிக அதிக முறை பாடியிருக்கும் பாட்டு, சம்பளத்துக்கு வகுப்பெடுத்த இரண்டு பள்ளிக்கூட ஆசிரியர்களின் கையிலிருந்து வந்தது. இந்தச் சொற்பொழிவு அப்படிப்பட்ட ஆசிரியர்களைப் பற்றியது. அவர்களிலும், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வருபவர்களைப் பற்றியது.

மலையகம் என்றால் பலருக்கும் நினைவில் எழுவது நுவரெலியாவும் ஹட்டனும். இந்த இரண்டு மாவட்டங்களும் சேர்ந்த சபரகமுவ அந்தப் படத்தின் ஓரத்தில் நிற்கிறது. பலாங்கொடை, இறக்குவானைப் பக்கம் தேயிலை. தெஹியோவிட்ட, ருவன்வெல்லப் பக்கம் ரப்பர். பல தோட்டங்களில் இரண்டும். ஹட்டனில் கடைத்தெருவில் இறங்கினால் தமிழ் காதில் விழும். இங்கே தோட்டத்தை விட்டுக் கீழே இறங்கினால் சிங்களக் கிராமம், சிங்கள நகரம். தமிழ்ப் பாடசாலைகள் ஒன்றுக்கொன்று தொலைவில் கிடக்கின்றன. பாடத்தில் ஐயம் வந்தால் கேட்பதற்கு அடுத்த தெருவில் இன்னொரு சங்கீத ஆசிரியர் கிடைக்கமாட்டார். இந்தத் தனிமை இங்குள்ள இசை ஆசிரியரின் வேலையை மற்ற இடங்களிலிருந்து வேறாக்குகிறது.

இலங்கைப் பாடசாலையில் இசைக்கு ஒழுங்கான இடம் உண்டு, அது பெருமைக்குரியது. ஆறாம் தரத்துக்கு வரும் பிள்ளை அழகியல் பாடங்களில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்: சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும். தமிழ் மொழிமூலப் பாடசாலையில் சங்கீதம் என்றால் பெரும்பாலும் கர்நாடக சங்கீதம். க.பொ.த. சாதாரண தரத்தில் எழுத்துப் பரீட்சையோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு. உயர்தரத்தில் கலைப் பிரிவில் அதையே எடுத்துப் பல்கலைக்கழகம் வரை போகலாம். ஆனால் காகிதத்தில் இருக்கும் இந்தத் தெரிவு எல்லாப் பிள்ளைக்கும் கையில் கிடைப்பதில்லை. தோட்டத்துக்குள் இருக்கும் பல பாடசாலைகள் ஐந்தாம் தரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் படிக்க மலையிறங்கி வரவேண்டும். வந்து சேரும் பாடசாலையில் சங்கீத ஆசிரியர் இருந்தால் சங்கீதம், சித்திர ஆசிரியர் இருந்தால் சித்திரம். பிள்ளையின் குரலுக்கும் விருப்பத்துக்கும் அங்கே வேலை குறைவு.

தோட்டப் பள்ளிக்கூடத்தின் வரலாறே அப்படித்தான் தொடங்கியது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டத்துரைமார் மீது சில கடமைகளைச் சுமத்தின. எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் கணக்கு; அதற்கு மேல் எவரும் எதிர்பார்க்கவில்லை. 1970களின் நடுவில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, 1977 தொடங்கித்தான் தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. அப்படிப் பார்த்தால் தோட்டப் பிள்ளைக்கு இசை ஒரு பாடமாகக் கிடைத்து ஐம்பது ஆண்டு கூட ஆகவில்லை.

பாடம் இல்லாவிட்டாலும் இசை இருந்தது. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கு ஆளைக் கூப்பிட விடியற்காலையில் தப்பு என்னும் பறை அடித்தார்கள். திருவிழாவுக்குத் தப்பு, சாவுக்குத் தப்பு. இரண்டுக்கும் அடி வேறு. எங்கே என்ன நடக்கிறது என்பதை மேல் லயத்தில் இருப்பவர் அடியைக் கேட்டே சொல்லிவிடுவார். மார்கழியில் பஜனை. மாசியில் காமன் கூத்து: அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் நட்டு, பௌர்ணமியில் எரிக்கும் வரை, ரதியும் மன்மதனும் லயத்து வாசல்களில் ஆடி வருவார்கள். பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு என்று இரவு முழுக்க நீளும் கூத்துகளும் இருந்தன. கொழுந்து பறிக்கையில், குழந்தையைத் தொட்டிலில் போடுகையில், பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கையில் பெண்கள் பாடியவற்றுக்குக் கணக்கில்லை. சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாக்கினார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போன தொழிற்சங்கத் தலைவர், கவிஞர். அவருக்கு முன்னரே தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிற்சங்க மேடைகளில் பாடியிருக்கிறார். கூட்டம் கூடும் இடத்தில் பேச்சுக்கு முன் பாட்டு. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்குச் சட்டத்தையும் உரிமையையும் மெட்டில் வைத்துக் கொடுத்தார். மலையகத்தின் முதல் இசை ஆசிரியர் யார் என்று கேட்டால், வகுப்பறையே இல்லாத அவரைச் சொல்வது பொருந்தும்.

இந்தச் செல்வம் கைமாறும் வழியில் இரண்டு பெரிய உடைப்புகள் விழுந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்கிட்டது. தலைமன்னாரில் கப்பலேறியவர்களுள் கூத்து வாத்தியார்களும் இருந்தார்கள், ஒப்பாரி தெரிந்த கிழவிகளும் இருந்தார்கள். பெட்டியில் வைத்துக் கொண்டுபோக முடியாத பாட்டு அவர்களோடு போயிற்று. பின்னர் 1977இலும் 1981 ஆகஸ்டிலும் தமிழருக்கு எதிரான வன்முறை சபரகமுவத் தோட்டங்களைத் தொட்டது. லயங்கள் எரிந்தன. குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தன. கூத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆளாவது வேண்டும். பாதிப் பேர் போய்விட்ட தோட்டத்தில் எதை ஆடுவது? எஞ்சியவர்கள் சந்தையில் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகினார்கள். பிள்ளையைச் சிங்களப் பாடசாலைக்கு அனுப்பியவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் இன்று சபரகமுவத் தோட்டத்தில் வாய்விட்டுத் தமிழில் பாடும் பிள்ளைக்குப் பின்னால் இந்தக் கதை முழுக்க நிற்கிறது. வகுப்பில் முதல் நாள் குரல் எழும்பாமல் தரையைப் பார்க்கும் பிள்ளையை ‘கூச்ச சுபாவம்’ என்று குறித்துவிட்டுப் போகும் ஆசிரியர் அந்தக் கதையைத் தவறவிடுகிறார்.

அந்த ஆசிரியர் எங்கிருந்து வருகிறார்? பெரும்பாலும் தொலைவிலிருந்து. யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் இசைக்கல்லூரி, 1975இல் யாழ்ப்பாண வளாகத்தோடு சேர்ந்து, இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஒரு பீடமாக நிற்கிறது. மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலானந்தர் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் உண்டு. ‘யாழ் நூல்’ எழுதி 1947இல் அரங்கேற்றிய அடிகளுக்கு அதைவிடப் பொருத்தமான நினைவகம் வேறில்லை. இவற்றில் பட்டம் பெற்றவர்கள், வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளைத் தாண்டியவர்கள், பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி போன்ற இடங்களில் பயிற்சி பெற்றவர்கள்: இவர்களே பாடசாலைக்கு வருகிறார்கள். வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர் சில ஆண்டுகள் கழித்து இடமாற்றம் கேட்பது இயல்பு. தாய் தகப்பன் அங்கே, பிள்ளை அங்கே, இவர் மட்டும் வாடகை அறையில். அவர் போன பிறகு வெற்றிடம் நிரம்பும் வரை, பத்தாம் தரத்தில் சங்கீதம் எடுத்த பிள்ளைகள் கொப்பியைப் பார்த்தே பாட்டுப் படிக்க வேண்டியிருக்கும்.

உள்ளூரில் ஆசிரியர்களை உருவாக்கும் முயற்சிகளும் நடந்தன. 2014–15இல் தோட்டப் பாடசாலைகளுக்கென ஏறத்தாழ 3,000 ஆசிரிய உதவியாளர்களை அரசு சேர்த்தது. தொடக்கத்தில் அவர்களுக்கு மாதம் 6,000 ரூபாய். பின்னர் அது 10,000 ஆனது. அந்தப் பணத்தில் பஸ் கட்டணம் கொடுத்து, சாப்பிட்டு, பயிற்சியும் முடித்து நிரந்தர நியமனத்துக்குக் காத்திருந்த இளைஞர்களின் பொறுமைக்குத் தமிழ்ச் சமூகம் இன்னும் நன்றி சொல்லவில்லை.

இனி வகுப்பறைக்குள் போகலாம். நாற்பது நிமிடப் பாடவேளை. அதில் பிள்ளைகள் வந்து உட்காரவும் சுருதி பிடிக்கவும் எட்டு நிமிடம் போகும். பல இடங்களில் சங்கீதத்துக்குத் தனி அறை கிடையாது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கணித வகுப்பு. ஸரிகமபதநிஸ என்று நாற்பது பிள்ளைகள் எழுப்பினால் அந்தப் பக்கத்து ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். அதனால் மெதுவாகப் பாடச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெதுவாகப் பாடிப் பழகிய குரல் திறக்காது. இது சின்னக் கட்டடப் பிரச்சினை போலத் தோன்றும். ஆனால் ஒரு தலைமுறையின் தொண்டை இதில்தான் அடைபடுகிறது.

பிறகு மழை. இரத்தினபுரி நாட்டின் மிக நனைந்த மாவட்டங்களில் ஒன்று. தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் சுருதிப் பெட்டி பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளைக்கே கேட்காது. ஈரக்காற்றில் மிருதங்கத்தின் தோல் தளரும். காலையில் சேர்த்த சுருதி பத்து மணிக்கு இறங்கியிருக்கும். வயலின் தந்தி வழுக்கும், ஆர்மோனியத்தின் கட்டை ஊறி இறுகும். இதில் தோட்டத்துத் தப்புக்காரருக்கு ஒரு தெளிவு உண்டு: தோல் தளர்ந்தால் சருகைக் கொளுத்தித் தப்பைத் தீயில் காட்டுவார். இரண்டு நிமிடத்தில் நாதம் ஏறிவிடும். பாடப்புத்தகத்தில் ஒலியியல் பகுதி படிக்கும் பிள்ளைக்கு, தோலின் இழுவைக்கும் சுருதிக்கும் உள்ள உறவை விளக்க இதைவிட நல்ல செயன்முறை உலகில் எந்த ஆய்வகத்திலும் இல்லை. தோட்டத்தில் அதை எல்லாப் பிள்ளையும் பார்த்திருக்கிறது. வகுப்பில் அதைக் கேட்பாரில்லை என்பதுதான் குறை.

உயர்நிலை வகுப்புகளுக்கே உரிய இன்னொரு சிக்கல் மகரக்கட்டு. எட்டாம், ஒன்பதாம் தரத்தில் பையன்களின் குரல் உடைகிறது. ஆறாம் தரத்தில் ஐந்து கட்டையில் மணிபோலப் பாடியவன் திடீரென்று பாதி வரியில் கரகரக்கிறான். வகுப்பு சிரிக்கிறது. அவன் அன்றோடு வாயை மூடிக்கொள்கிறான். பலர் வாழ்நாள் முழுக்க மூடியே வைத்திருக்கிறார்கள். குரல்வளை வளர்ந்து, குரல் நாண் நீண்டு தடிக்கும் பருவம் அது. ஒன்றரை இரண்டு ஆண்டில் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கி ஒரு நிலைக்கு வரும். அது வரை அவனைத் தாழ்ந்த சுருதியில், மூன்று நான்கு ஸ்வரங்களுக்குள் பாடவிட வேண்டும். எட்டாத தார ஸ்தாயிக்கு இழுக்கக் கூடாது. நல்ல ஆசிரியர் அந்தக் காலத்தில் அவனைத் தாளத்தின் பக்கம் திருப்புவார். தோட்டத்துப் பையனுக்குத் தாளம் சொல்லித்தரத் தொடங்கியதுமே ஆசிரியர் ஒன்றைக் கவனிப்பார்: அவன் விரல்களுக்கு அது முன்பே தெரியும்.

இந்த உரையின் நடுப்புள்ளி இங்கேதான் இருக்கிறது. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் அப்பியாச முறைப்படி, கர்நாடக சங்கீதம் கற்கும் பிள்ளை மாயாமாளவகௌளையில் ஸரளி வரிசை தொடங்குகிறது. பதினைந்தாவது மேளம். பூர்வாங்கமும் உத்தராங்கமும் ஒன்றுபோல அமைந்திருப்பதால் பிஞ்சுக் குரலுக்கு ஸ்வரஸ்தானம் பிடிபடும் என்பது காரணம். தோட்டத்துப் பிள்ளைக்கு இது புதிய, அந்நியமான ஒலி என்று கருதி, முதல் மாதம் முழுக்க ஆசிரியர் மல்லுக்கட்டுகிறார். ஆனால் அந்த மேளத்தின் பிள்ளைகளில் ஒன்று நாதநாமக்கிரியை. தமிழ் நாட்டார் பாடல்களில் அடிக்கடி கேட்கும் சாயல்கள் என்று இசையறிஞர்கள் எடுத்துக்காட்டும் ராகங்களுள் அதுவும் ஒன்று. புன்னாகவராளி, ஆனந்தபைரவி, செஞ்சுருட்டி ஆகியவை மற்றவை. தார ஸ்தாயிக்கு ஏறாமல், நிஷாதத்தோடு நின்று, ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே சுற்றிவரும் ராகம் அது. காமன் எரிந்த பிறகு ரதி புலம்புவதையும், லயத்துச் சாவு வீட்டில் பாட்டி மூக்கைச் சிந்திக்கொண்டு இழுப்பதையும் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தச் சாயல் எட்டாத தூரத்தில் இல்லை.

ஆசிரியர் செய்ய வேண்டியது ஒன்று. ஒரு பிள்ளையை எழுப்பி, வீட்டில் கேட்ட பாட்டு ஒன்றைப் பாடச் சொல்வது. அது பாடுவதை உன்னிப்பாகக் கேட்டு, சுருதி சேர்த்து, அந்த மெட்டின் ஸ்வரங்களைக் கரும்பலகையில் எழுதுவது. பாட்டி பாடியதற்கு ஸரிகம உண்டு என்று தெரியும் கணத்தில் பிள்ளையின் முகம் மாறும். அதன்பின் ஸரளி வரிசை அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றின் அரிச்சுவடி ஆகிவிடுகிறது. தாளத்துக்கும் இதே வழிதான். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் தடுமாறும் வகுப்பு, கும்மியின் திஸ்ர நடையில் தடுமாறாது. அங்கிருந்து தொடங்கினால் திருப்புகழின் சந்தங்களுக்கு வந்து சேர நெடுநாள் எடுக்காது. அருணகிரிநாதர் கதிர்காமத்து முருகன் மீதும் பாடியிருக்கிறார். சபரகமுவத் தோட்டத்தில் கதிர்காமம் போய்வராத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இது கர்நாடக சங்கீதத்தைத் தாழ்த்தும் யோசனை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஹங்கேரி நாட்டு இசையமைப்பாளர் ஸோல்தான் கொதாய் இதே சந்தேகத்தைச் சந்தித்தவர். அவரும் பேலா பார்த்தோக்கும் கிராமம் கிராமமாகப் போய் உழவர் பாடல்களைப் பதிவு செய்து, 1906இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். பிள்ளைக்கு இசையின் தாய்மொழி அதன் ஊர்ப் பாட்டு. அதில் எழுதப் படிக்கத் தெரிந்த பிறகே மற்றவை என்பது கொதாயின் உறுதி. 1950இல் கெச்கெமேத் நகரில் தினமும் பாட்டுப் பாடும் தொடக்கப் பள்ளி ஒன்று அந்த முறையில் தொடங்கியது. அந்த முறையில் வளர்ந்த ஹங்கேரியப் பிள்ளைகள் ஊர்ப் பாட்டோடு நின்றுவிடவில்லை; பாஹையும் மொசார்ட்டையும் தாளைப் பார்த்துப் பாடக் கற்றார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்து ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. சிங்களப் பாடசாலைகளின் கீழைத்தேய சங்கீதம் நெடுங்காலம் வட இந்திய ராகதாரி இசையை மட்டுமே நம்பி நின்றது. 1952இல் லக்னோவிலிருந்து பண்டிதர் ரத்னஜன்கர் இலங்கை வானொலிக் கலைஞர்களைத் தரம் பிரிக்க அழைக்கப்பட்டார். வந்தவர், உங்கள் இசையை உங்கள் நாட்டார் பாடலில் தேடுங்கள் என்ற பொருளில் ஆலோசனை சொல்லிவிட்டுப் போனார். டபிள்யூ. பி. மகுலொலுவ அந்தத் தேடலைத் தம் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டு, சேகரித்த பாடல்களை மேடைக்கும் வகுப்பறைக்கும் கொண்டுவந்தார். வயல் கவி, வண்டிக் கவி, இரத்தினபுரி மண்ணுக்குப் பழக்கமான சுரங்கத் தொழிலாளர் கவி ஆகியவை இன்று சிங்களப் பிள்ளையின் பாடம். நடனத்திலும் கண்டிய மரபு, தாழ்நில மரபு என்பவற்றோடு சபரகமுவ மரபுக்கும் பாடத்திட்டத்தில் இடம் உண்டு. அதன் தவுல் மத்தளம் சமன் தேவாலயத்திலிருந்து வகுப்பறைக்குள் வந்துவிட்டது. அதே மாகாணத்தில், அதே மலையில், ஒரு மைல் மேலே ஒலிக்கும் தப்பு இன்னும் பாடசாலை வாசலில் நிற்கிறது. கர்நாடக சங்கீதப் பாடத்திட்டத்தில் நாட்டார் பாடலுக்கு இடம் இல்லாமல் இல்லை. அந்த இடத்தை எந்த ஊர்ப் பாட்டால் நிரப்புவது என்பது ஆசிரியர் கையில் இருக்கிறது.

தப்பு வாசலில் நிற்பதற்கு உள்வீட்டுக் காரணமும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. தப்பு ஒரு சாதியின் வாத்தியம் என்று ஒதுக்கப்பட்டது. சாவுக்கு அடித்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்திக் கூலி கொடுத்த வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து ஆள்சேர்த்த கங்காணியோடு கப்பலேறி வந்தது. அதனால் ‘எங்க பிள்ளைய தப்பு அடிக்கவா பள்ளிக்கூடம் அனுப்புனோம்’ என்று பெற்றோர் கோபிப்பது இரு பக்கமும் நடக்கும்: அடித்துப் பழகிய குடும்பத்துக்கு அது மறக்க வேண்டிய அவமானம், அடிக்காத குடும்பத்துக்கு அது தீட்டு. இந்த முடிச்சை அவிழ்க்கப் பாடசாலையை விட்டால் வேறு இடம் கிடையாது. வகுப்பில் எல்லாப் பிள்ளையும், பெண்பிள்ளைகளும் சேர்த்து, முறை வைத்துத் தப்பை எடுத்தால்தான் அது ஒருவருடையது என்ற எண்ணம் உடையும். தோட்டத்துத் தப்புக்காரரை அதிபர் அழைத்து, நாற்காலி போட்டு, ‘வாங்க மாஸ்டர்’ என்று ஒரு பாடவேளை கொடுத்தால் பிள்ளைகளுக்கு அது எந்தச் சமூகக்கல்விப் பாடத்தையும்விட ஆழமாகப் பதியும். தமிழ்நாட்டில் பறை அந்த வழியில் நெடுந்தூரம் நடந்துவிட்டது. மதுரைப் பகுதிப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அவரிடம் கற்றவர்களில் எல்லாச் சமூகத்து இளைஞர்களும் உண்டு.

ஆசிரியர் பக்கம் ஒரு நியாயமான அச்சம் இருக்கிறது: பரீட்சை. செயன்முறைப் பரீட்சைக்கு வெளியிலிருந்து வரும் பரீட்சகர் தப்பைக் கேட்கமாட்டார். கீதமும் கீர்த்தனையும்தான் கேட்பார். பெறுபேறு குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். அந்தப் பரீட்சையும் எப்போதும் கைகொடுப்பதில்லை. கொவிட் காலத்தில், 2020ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சில் நடந்தது. செப்டெம்பரில் பெறுபேறு வந்தபோது அழகியல் பாடங்கள் மட்டும் அதில் இல்லை. செயன்முறைப் பரீட்சை நடத்த முடியாமற் போயிருந்தது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பெறுபேறு கையில் இருக்க, ஆறு ஆண்டு பாடிய பிள்ளை தன் பாடத்துக்கு என்ன கிடைத்தது என்று தெரியாமல் உயர்தர வகுப்பு வாசலில் நின்றது. அந்த மாதங்களில் வலைத்தொடர்பு கிடைக்கும் பாறையைத் தேடி ஏறித் தொலைபேசியில் பாட்டுக் கற்ற தோட்டப் பிள்ளைகள் மறக்கப்படக் கூடாதவர்கள். இணையத்தில் சேர்ந்து பாட முடியாது; ஒலி தாமதமாகப் போய்ச் சேரும், தாளம் சிதறும். ஆசிரியர் பாடி அனுப்ப, பிள்ளை பாடித் திருப்பி அனுப்ப, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் திருத்தம். நாற்பது பிள்ளைக்கு நாற்பது திருத்தம்.

கால அட்டவணையில் காணாத வேலை இன்னும் உண்டு. பொங்கல் விழா, வாணி விழா, சிறுவர் தினம், ஆசிரியர் தினம், ஒளிவிழா, பரிசளிப்பு விழா என எல்லா மேடைக்கும் வரவேற்புப் பாட்டு இசை ஆசிரியர் பொறுப்பு. தனக்கான ஆசிரியர் தினத்துக்கே பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்குபவர் அவர். பாட்டு வெளியே கிடைக்காவிட்டால் எழுதி மெட்டமைக்கவும் வேண்டும். ஈழத்தில் இதற்கு முன்னோடி இணுவில் வீரமணி ஐயர். கலாக்ஷேத்ராவில் பயின்று, ஊர் திரும்பி ஆசிரியர்களுக்கு ஆசிரியராக உழைத்தவர். மயிலாப்பூர் கற்பகாம்பாள் மீது அவர் எழுதி, டி. எம். சௌந்தரராஜன் பாடிய ‘கற்பகவல்லி’ ராகமாலிகையைத் தமிழுலகம் முழுக்க அறியும். எழுதியவர் ஓர் ஈழத்து ஆசிரியர் என்பதை அறிந்தவர் குறைவு. சபரகமுவத் தோட்டப் பாடசாலைகளிலும் அப்படி எழுதி, ஒருமுறை மேடையேறி, மறுநாள் கிழிந்த கொப்பியோடு மறைந்த பாடல்கள் எத்தனையோ. அவற்றைச் சேர்த்து அச்சிட ஒரு வலயக் கல்விப் பணிமனையாவது முன்வர வேண்டும். பெரிய செலவல்ல, ஒரு தட்டச்சாளரும் ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் போதும்.

தமிழ்மொழித் தினப் போட்டிகள் இந்த ஆசிரியர்களுக்கு ஆண்டின் உச்சம். பாடசாலையில் வென்று, வலயத்தில் வென்று, மாகாணத்தில் வென்று அகில இலங்கை மேடைக்குப் போகலாம். அந்த மேடையில், நான்கு தலைமுறையாகச் சங்கீதம் ஓடும் வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டத்துப் பிள்ளை நிற்கிறது. தனி இசையில் அந்தப் பிள்ளை பின்தங்கினால் வியப்பில்லை. ஆனால் குழுப் பாட்டு, வில்லுப்பாட்டு போன்றவற்றில் லயத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பலம் இருக்கிறது: அடுத்தடுத்த காம்பிராவில் வளர்ந்தவர்கள், ஒருவர் மூச்சு இன்னொருவருக்குத் தெரியும். இரண்டு பஸ் மாறி, விடிய நான்கு மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புறப்படும் ஆசிரியையிடம் கேட்டால், பரிசைப் பற்றி அதிகம் பேசமாட்டார். முதல்முறை ஒலிவாங்கி முன் நின்ற பிள்ளை தன் குரலைப் பெட்டியில் கேட்டுத் திகைத்ததைப் பற்றியே பேசுவார்.

மாசிப் பௌர்ணமி இரவு. தோட்டத்தில் காமன் எரிந்து முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும். மறுநாள் பாடசாலைக்கு வரும் பையன்களின் கண் சிவந்திருக்கும், குரல் கட்டியிருக்கும், உள்ளங்கை தடித்திருக்கும். மூன்றாம் பாடவேளை சங்கீதம். ஆசிரியை சுருதிப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, ‘இன்னைக்கு யாரும் பாட வேணாம், ராத்திரி அடிச்சத மேசையில அடிங்க’ என்கிறார். முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பின்வரிசையில் ஒருவன் தொடங்குகிறான். ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பி, அந்த அடியை எண்ணி, லகு, திருதம் என்று தாளக் குறியிடத் தொடங்குகிறார். தடுப்புக்கு அந்தப் பக்கம் கணித ஆசிரியர் எட்டிப் பார்க்கிறார். ஒரு கணம் நின்று, உள்ளே வந்து, சுவரோரம் சாய்ந்துகொள்கிறார்.